மனிபோல்ட் பூட்டுமுன் ஒரு கடிதம்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. திருக்கோவிலில் மழை ஓய்ந்துவிட்டதையும், உன் மொறிஸ் மைனர் காரின் ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) லேத்திலிருந்து திரும்பிவிட்டதையும் அறிந்து மகிழ்ந்தேன். அடுத்ததாக, ஹெட்டுக்குள் காற்றும் பெற்றோலும் போகவும் புகை வெளியேறவுமான குழாய்த் தொகுதியாகிய மனிபோல்டைப் பூட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இக்கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றே இன்றிரவு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் 1098 சிசி எஞ்சினைச் செய்து முடித்த பிறகு, அது சும்மா நிற்கும்போது ஒரு சீராக ஓடவே இல்லை. வேகம் ஏறும், இறங்கும், சில நேரம் அணைந்தும் போகும். காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரைத்தான் சந்தேகித்து இருமுறை கழற்றிக் கழுவினேன், பிளக்கில் பொறி எழுப்பும் பொயின்டையும் மாற்றினேன், மூன்று கிழமை வீணாயிற்று. கடைசியில் பிளக்குகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தபோதுதான் கண் திறந்தது. முதலிரண்டும் நல்ல மண்ணிறம். மூன்றாவதும் நான்காவதும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தன. நம்முடைய எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் இரண்டே இரண்டு காற்று வாசல்கள்தான். முன்னிரண்டும் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன, பின்னிரண்டும் மற்றதை. ஆகையால் ஒரு வாசலின் ஓரத்தில் மயிரிழை அளவு கசிந்தாலும் இரண்டு சிலிண்டர்களுக்குள் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்துவிடுகிறது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் புகை வெளியேறும் எக்சோஸ்ட் வால்வு கருகிப்போகும். எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்க் குப்பியால் பின் வாசலின் இணைப்பில் நான்கைந்து சொட்டு விட்டேன். எண்ணெய் கசிவை அடைத்ததால் சட்டென்று ஓட்டம் சீராகி, சைலன்சரில் நீலப் புகை வந்தது.

கசியாமலிருக்க இணைப்பின் நடுவே வைக்கும் காஸ்கட் தகடு புதியது, நல்லது. பிழை என் கையில்தான் இருந்தது. காற்று உள்ளே போகும் அலுமினிய இன்ரேக் மனிபோல்டையும் வார்ப்பிரும்பு எக்சோஸ்ட் மனிபோல்டையும் பிரித்துக் கழுவிய நான், இரண்டையும் இணைக்கும் நான்கு போல்ட்களை மேசையில் வைத்தே இறுக்கிவிட்டேன். அதனால் இரண்டின் முகங்களும் ஒரே மட்டத்தில் அமையவில்லை. தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தபோது, பின் வாசலின் கீழ் 0.20 மில்லிமீற்றர் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. ஒரே வாஷர் இரு மனிபோல்ட்களின் காதுகளையும் சேர்த்து அழுத்தும் இடங்களில், ஒரு காது தாழ்ந்திருந்தால் அழுத்தம் முழுவதும் மற்றதற்கே போய்விடும். அந்த இடைவெளியை எந்தக் காஸ்கட்டாலும் நிரப்ப முடியாது.

எனவே நீ அந்த நான்கு போல்ட்களையும் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, மனிபோல்டை ஹெட்டில் வைத்து நட்டுகளை மெல்லப் பிடித்து, முகங்கள் ஹெட்டோடு படிந்த பிறகே அவற்றை இறுக்கு. பிறகு இரண்டையும் சேர்ந்தபடியே ஹெட்டிலிருந்து கழற்றிக் கண்ணாடியில் வைத்துப் பார். இடைவெளி தெரிந்தால் பிரிக்காமல் அப்படியே லேத்துக்காரரிடம் கொடுத்து முகத்தைச் சமப்படுத்து. நான் அப்படித்தான் செய்தேன்.

ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழைய காஸ்கட்டைச் சுரண்டும்போது வாசல்களுக்குள் துணி அடைத்துக்கொள். ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் வால்வு இருக்கையைக் கெடுக்கும். அலுமினிய முகத்தில் இரும்புச் சுரண்டியை வைக்கவே வேண்டாம். சிலிக்கன் பூசச் சொல்லுவார்கள், கேட்காதே: பெற்றோலில் அது ஊறிப் பிய்ந்து உள்ளே போகும், எக்சோஸ்ட் பக்கத்தில் கருகும். காஸ்கட் உலர்ந்தே இருக்கட்டும். காஸ்கட்டில் துளைகளிட்ட உலோகத் தகடு உள்ள பக்கம் மனிபோல்டைப் பார்க்க வேண்டும். பித்தளை நட்டுகளை நடுவிலிருந்து இரு புறமாக, இரண்டு மூன்று சுற்றில், 15 அடி-இறாத்தல் வரை இறுக்கு. அதற்கு மேல் போனால், நட்டு ஏறும் ஸ்டட் ஆணி ஹெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார். காஸ்கட் படிந்து நட்டு சிறிது தளர்ந்திருக்கும்.

இப்போது என் கார் கல்லடிப் பாலத்து நெரிசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அணைவதில்லை. உன்னிடம் தடித்த கண்ணாடி இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை மனிபோல்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கல்முனையால் வரும் பஸ்ஸில் ஏறிவிடு. கண்ணாடியும் பீலர் கேஜும் என்னிடம் உண்டு. காஸ்கட்டும் ஒன்று மேலதிகமாக வாங்கி வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்