வரத்துக்கால்களை முதலில் குறித்துவிட்டு நில உபயோகத்தை வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நத்தம் சாலை, அழகர்கோவில் சாலைப் புறநகர்க் குடியிருப்போர் மற்றும் கண்மாய்ப் பாசன விவசாயிகள்,
மதுரை வடக்கு வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: மதுரை வடக்குப் புறநகர் – நில உபயோக வரைபடம் – வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), இணைப்புச் சாலை, கழிவுநீரேற்று நிலையம் ஆகியவற்றுக்கான இடத்தை மனைப்பிரிவு அனுமதிக்கு முன்பே ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

2011-ல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது திருப்பாலை, கண்ணனேந்தல், உத்தங்குடி ஊராட்சிகள் நகருக்குள் வந்தன. இன்று மனைக்கற்கள் அவற்றையும் தாண்டி ஊமச்சிகுளம் வரை ஊன்றப்பட்டுள்ளன. வீடு வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. எந்த நிலத்தில் வீடு வரக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்பகுதி அழகர்மலை அடிவாரத்திலிருந்து வைகையை நோக்கிச் சரிந்த நிலம். ஒரு கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் நீர்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. சாத்தையாறு ஓடை இப்படித்தான் வண்டியூர்க் கண்மாய்க்கு வந்து சேர்கிறது. இடையில் ஒரே இடத்தில் வாய்க்கால் அடைபட்டாலும் கீழே கண்மாய் வறண்டு கிடக்கும், மேலே தெரு மிதக்கும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூரிலும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

பெரும்பாலும் அடைப்பு மனைப்பிரிவுச் சாலையில்தான் தொடங்குகிறது. சாலை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் 600 மி.மீ. குழாய் ஒன்றைப் பதித்து மண்ணை மூடிவிடுகிறார்கள். கணக்கு இது: 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால், வயலாக இருக்கும்போது வினாடிக்குச் சுமார் 4 கன மீட்டர் நீர் ஓடிவரும். அதே நிலம் கூரையும் சிமெண்ட் தரையுமாக மாறினால் 8 கன மீட்டருக்கு மேல் வரும். 200-க்கு 1 சரிவில் பதித்த அந்தக் குழாயோ சுமார் 0.4 கன மீட்டர்தான் கடத்தும். அதாவது தேவையில் இருபதில் ஒரு பங்கு. அங்கே 4 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள திறந்த வாய்க்காலும், தூர்வாரும் இயந்திரம் போக ஒரு கரையில் 3 மீட்டர் பாதையும் வேண்டும்.

இன்னொரு சிக்கல் ஆவணத்தில் இருக்கிறது. ஓடைப் புறம்போக்குக்குத் தனிப் புல எண் உண்டு, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் தெரிந்துவிடும். பட்டா நிலத்தின் ஊடே ஓடும் கிளை வாய்க்காலுக்கு அது கிடையாது. ஆகவே பதிவேட்டை மட்டும் பார்த்துத் தரும் தடையின்மைச் சான்று இதைத் தவறவிடும். கிராம வரைபடம், புலப்படம், நீர்வளத் துறையின் கண்மாய்க் குறிப்பேடு மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, அரை மீட்டர் சமஉயரக் கோடுகளும் முழு நீர்மட்ட எல்லையும் குறிக்க வேண்டும். பின்னர் நல்ல மழைக்கு மறுநாள், அந்தந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சியை (வயல்களுக்குப் பாசன நீரைத் திறந்துவிடுபவர்) உடன் அழைத்துக்கொண்டு அளவையர் நடந்து சரிபார்க்க வேண்டும். எந்த மடைக்கு எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வரும் என்பது அவருக்குத் தெரியும். எது குடியிருப்பு, எது விவசாயம் என்று வரைபடத்தில் நில உபயோகத்துக்கு வண்ணம் தீட்டுவது இதற்குப் பிறகுதான். தனித்தனிப் புல எண்ணாக விவசாய உபயோகத்தைக் குடியிருப்பாக மாற்றும் விண்ணப்பங்களையும் இவ்வரைபடத்தோடு ஒப்பிட்ட பின்பே பரிசீலிக்க வேண்டுகிறோம்.

சாலையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மனைப்பிரிவும் தனக்குள் 7.2 மீட்டர் சாலை போட்டு அடுத்தவர் வேலியில் முடிகிறது. பேருந்தும் தீயணைப்பு வண்டியும் நத்தம் சாலைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. சுமார் 500 மீட்டருக்கு ஒன்றாக 18 மீட்டர் இணைப்புச் சாலைகளை விரிவான வளர்ச்சித் திட்டத்தில் இப்போதே வரைந்துவிட்டால், அனுமதி கேட்பவர் அந்தக் கோட்டை ஒட்டியே மனை பிரிப்பார். திறந்தவெளி ஒதுக்கீடாகத் தரும் 10 சதவீத நிலத்தையும், பயன்படாத மூலைத் துண்டாக வாங்காமல், வாய்க்கால் அல்லது ஊருணியை ஒட்டியே கேட்டுப் பெறலாம்.

கழிவுநீருக்கு இடம் வைக்கத் தவறினால் பிறகு திருத்தவே முடியாது. நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் கொடுத்தால் அதில் 80 சதவீதம் கழிவாகும். 1,000 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் தினமும் சுமார் 4.3 லட்சம் லிட்டர். 150 மி.மீ. பாதாளச் சாக்கடைக் குழாய்க்கு 170 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு தேவை. சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் 6 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே நீரேற்று நிலையம் கட்டாயம். அந்தத் தாழ்வான இடங்கள் மனையாக விற்றுப்போன பின் மிஞ்சுவது கண்மாய் மட்டுமே. செப்டிக் டேங்க் லாரிகள் இரவில் அங்கேதான் வருகின்றன.

எனவே, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வருவாய், நீர்வளம், நகர் ஊரமைப்பு, உள்ளாட்சித் துறை அலுவலர்களின் கூட்டுப் புலத்தணிக்கைக்கு உத்தரவிட்டு, தேதியை எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். புல எண் வாரியாக வரத்துக்கால்களைக் குறித்த வரைபட நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர் மற்றும் பாசன விவசாயிகள்