கச்சான் வேரில் இருக்கும் பசளை

ஆசிரியர் அவர்களுக்கு,

எரிமலைச் சாம்பல் மூடிய விளைநிலங்களில் நைதரசனை நிலைநிறுத்தும் பற்றீரியாக்கள் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பின், நைதரசன் அறவே குறைந்த அந்த வெளியில் முதலில் வேர்விட்ட செடிகளில் ஒன்று லூபின் என்ற அவரையினம். அதன் வேர்முடிச்சுப் பற்றீரியாக்கள் காற்றிலிருந்தே நைதரசனைப் பிடித்துக் கொடுத்தன. திருகோணமலையில் எரிமலை இல்லை, சரி. ஆனால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலத்திலும் நைதரசன் தங்குவதில்லை. நாமோ அதே அவரையினமான கச்சானுக்கும் கௌபிக்கும்கூட நைதரசன் பசளையான யூரியாவையே நம்பியிருக்கிறோம்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எங்கள் கச்சானுக்கு யூரியா போட வழியில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் பற்றீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். முந்திய வருடம் யூரியா அள்ளிப் போட்ட செடிகளில் முடிச்சுகளை விரல்விட்டு எண்ணலாம். நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக் கட்டுவது குறைந்துவிடும். ஆகவே விதைப்புக்கு முன், அந்தந்தப் பயிருக்குப் பொருந்தும் றைசோபியம் என்ற வேர்முடிச்சுப் பற்றீரியாக் கலவையை கமநல சேவை நிலையங்களில் விதையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை வெயில் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வைப்பதும் அவசியம். சூட்டில் கிடந்தால் உள்ளிருக்கும் உயிர் செத்துவிடும்.

– ஒரு விவசாயி,
குச்சவெளி, திருகோணமலை.