செவிலித்தாய் சொல்லும் நூறு பாட்டு

அன்பு மகளுக்கு,

புத்தாண்டு விடுமுறையில் தோழி வீட்டில் ஜப்பானியப் பாட்டுச் சீட்டு விளையாடியதை எழுதியிருந்தாய். ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர்கள் அதன் பின்பாதி உள்ள சீட்டின்மேல் பாய்ந்தார்களாம். ‘அரசர்களும் பிரபுக்களும் தங்களுக்குள் பாடிக்கொண்டது, எனக்கு அதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டிருந்தாய். உனக்கு அதில் நிறைய இருக்கிறது, அம்மா. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்தச் சீட்டுகளில் உள்ள நூறு பாட்டையும் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்க்கா 13ஆம் நூற்றாண்டில் தொகுத்தார். ஒரு கவிஞருக்கு ஒரு பாட்டு. ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழித்து, 1835 வாக்கில், ஹொக்குசாய் அவற்றுக்கு மரக்கட்டை அச்சுப் படங்கள் வரையத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 75. அந்தத் தொடரில் பாட்டுக்குப் பொருள் சொல்பவர் பண்டிதர் இல்லை, ஒரு செவிலித்தாய். தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதனால் படங்களில் அரண்மனையைவிட வயலும் கடலும்தான் கண்ணில் படுகின்றன.

முதல் பாட்டு தென்ஜி பேரரசருடையது: அறுவடை வயலின் குடிசையில் சட்டைக் கை பனியில் நனைகிறது. பாடியவர் பேரரசர்; ஹொக்குசாய் வரைந்ததோ உழவர்களை. இன்னொரு பாட்டில், நாடு கடத்தப்பட்ட கவிஞர் தக்கமுரா, நான் தீவுகளை நோக்கிப் போய்விட்டேன் என்று ஊராரிடம் சொல்லுங்கள் என மீன்பிடி படகுகளை வேண்டுகிறார். அந்தப் படத்தில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மூன்றாம் பாட்டில் ஹிதொமரோ, மலைக்கோழியின் நீண்ட வால்போல நீளும் இரவில் தனியே படுத்திருப்பதைப் பாடுகிறார். ஹொக்குசாய் அங்கே மீனவர்கள் வலை இழுப்பதை வரைகிறார். நெருப்பிலிருந்து புகை நீண்டு வளைந்து எழுகிறது. அந்த நீளத்துக்குள் இரவு முழுவதும் வந்துவிடுகிறது. உலகமே கொண்டாடும் அவருடைய ‘பேரலை’ படத்தைவிட இந்தப் படம் எனக்கு உயர்ந்தது.

நூறும் முடியவில்லை. பஞ்ச காலம், பாதியில் பதிப்பாளரும் மாறினார். அச்சேறி வெளிவந்தவை 27 படங்கள்தான். மற்றவற்றில் பல, கையால் வரைந்த தாள்களாகவே நின்றுவிட்டன. மெல்லிய தாளில் ஓவியர் வரைந்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடங்களைக் குடைந்தெடுப்பார். ஓவியரின் தாள் அதோடு அழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. அச்சிடுபவர் ஒவ்வொன்றிலும் ஒரே அச்சுத் தாளைப் பொருத்தி, அதன் முதுகில் தேய்த்து நிறம் ஏற்றுவார். ஆகவே வெளிவந்த 27இல் நாம் பார்ப்பது செதுக்கியவரின் கோடு. ஹொக்குசாயின் தூரிகையையே பார்க்க வேண்டுமானால் செதுக்கப்படாமல் போன தாள்களைத்தான் தேட வேண்டும். வாஷிங்டனில் உள்ள ஃப்ரீர் கலைக்கூடத்தில் அவற்றில் பல இருக்கின்றன. இதை அறிந்த நாளிலிருந்து அந்த நின்றுபோன தொடரை நினைத்து வருந்துவதை விட்டுவிட்டேன்.

வாஷிங்டன் தொலைவு, உனக்கு டோக்கியோவின் ரியோகொகு பக்கம்தானே. அங்கே ஹொக்குசாய் பிறந்த வட்டாரத்திலேயே, 2016இல் திறந்த சுமிதா ஹொக்குசாய் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் அச்சுப் படங்களை நெடுநாள் வெளியில் வைக்கமாட்டார்கள். எது காட்சியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போ. அந்தத் தோழியையும் அழைத்துப் போய், படத்தின் மேல்மூலையில் எழுதியிருக்கும் பாட்டை வாய்விட்டுப் படிக்கச் சொல். எந்தப் படத்தின் முன் அதிக நேரம் நின்றாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா