உன் மூளை கெட்டுவிடவில்லை, மகளே

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்

அன்பு மகளுக்கு,

"பத்துப் பக்கம் படிப்பதற்குள் கை கைப்பேசிக்குப் போய்விடுகிறது, என் மூளையே கெட்டுவிட்டது அப்பா" என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. மனிதனின் கவனம் எட்டு விநாடி, தங்கமீனைவிடக் குறைவு என்றாயே, அந்தக் கணக்கை முதலில் தூக்கி எறி. 2015-இல் மைக்ரோசாஃப்ட் கனடாவின் அறிக்கையால் பரவியது அது. அதற்கு ஆதாரம் தேடிப்போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

உண்மையாகவே அளந்து பார்த்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அர்வைன் வளாகத்தின் பேராசிரியர் குளோரியா மார்க். அலுவலக ஊழியர்கள் ஒரு திரையில் சராசரியாக நிலைத்த நேரம் 2004-இல் இரண்டரை நிமிடம். 2012-இல் 75 விநாடி. அண்மை ஆண்டுகளில் 47 விநாடி. எட்டே ஆண்டில் பாதியாவது பழக்கம்தான். மூளை அவ்வளவு வேகத்தில் தேயாது. என்னை அதிகம் உலுக்கியது அவர் கண்ட இன்னொரு செய்தி: குறுக்கீடுகளில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருவதே இல்லை. யாரும் கூப்பிடாமலே நாமே வேலையை விட்டு விலகிவிடுகிறோம். ஆகவே அறிவிப்புகளை அணைத்தால் போதும் என்ற உன் ஏற்பாடு எனக்குப் போதவில்லை. படிக்கும்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவன் சொல்கிறேன், கவனம் களைக்கும். எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் களைக்கும். அதனால்தான் எங்களை நேரத்துக்கு இறக்கி ஆள் மாற்றுவார்கள். ஓய்வறையில் சற்றே கண்ணை மூடிக் கிடந்தவர்கள் தெளிந்து ஏறினார்கள். குறுங்காணொளிகளைத் தள்ளிக்கொண்டே இருந்த இளைஞர்கள் வந்த களைப்போடுதான் திரும்பப் போனார்கள். தள்ளத் தள்ளத் தீராமல் வந்துகொண்டே இருக்கும் அந்த முடிவில்லாத உருளலை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். முன்பெல்லாம் பக்கம் முடியும், போதும் என்று எழுந்துகொள்ள ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். நீ நிறுத்த முடியாமல் தவிப்பதை உன் மனவலிமையின் குறை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஒரே மூச்சில் நூறு பக்கம் வேண்டாம். பத்துப் பக்கம் படி, எழுந்து நட, சன்னலுக்கு வெளியே பார். பிறகு மறுபடி உட்கார்.

பேரனை நினைத்தும்தான் இவ்வளவு எழுதுகிறேன். இங்கே சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில், 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று இருக்கிறது. யாரும் பார்க்காமல் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருப்பதும் கூடாதாம். காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே ஞாயிறு மாலை வழக்கம்போல் அழைக்கிறேன், அவனை மடியில் வைத்துக்கொள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறாய் என்று உன்னையும் கேட்பேன். அம்மா மிளகாய்ப்பொடி திரித்து வைத்திருக்கிறாள், தபாலில் அனுப்பலாமா என்று அப்போது சொல்.

அன்புடன்,
அப்பா