உடைக்கும் வீடுகளின் மரம் விறகுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டுகிறார்கள். கட்டட்டும். ஆனால் கடந்த வாரம் இடிபாடு ஏற்றிய லொறி ஒன்றில் பலாமர வாசல் நிலை ஒன்றைக் கண்டேன். மேற்கட்டையில் செதுக்கிய தாமரை. அதன் நடுவிலேயே அலவாங்கு இறங்கிப் பிளந்திருந்தது. உள்மரத்தில் ஒரு கறையான் துளைகூட இல்லை!

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நிற்கும் மரத்துக்கு அவ்வளவு காவல், வாசல் நிலையாகிவிட்ட மரத்துக்கு ஏதுமில்லை. ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல். கழற்றிய சைப்பிரஸ் மரங்கள் வேறு ஆலயங்களுக்குப் பயன்படுகின்றன. நாமோ எம்பெக்கே தேவாலயத்தின் செதுக்குத் தூண்களைப் பார்க்கக் கண்டிவரை போகிறோம், வீட்டுத் தூணை விறகாக்குகிறோம்.

வீடு இடிக்க அனுமதி வழங்கும்போதே, நிலை, கதவு, வளை, தீராந்தி எல்லாவற்றையும் முதலில் சேதமின்றிக் கழற்ற வேண்டுமென மாநகர சபை நிபந்தனை விதிக்கலாம். வாங்க ஆளில்லை என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்லவேண்டாம். தச்சுக்குப் பேர்போன மொறட்டுவை பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06