பயிலரங்கு களத்தில் நடக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுபெற்ற பிறகு கேமராவைக் கையிலெடுத்தவள் நான். இயற்கை ஒளிப்படப் பயிலரங்குகள் பெருகிவருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பலவற்றில் காலைப்பொழுது முழுவதும் அறைக்குள் பாடத்திலேயே போய்விடுகிறது. வெளியே கூட்டிப்போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் எதை எடுத்தாலும் நிழல் கறுத்துத்தான் விழும்.

படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதைத் தீர்மானிக்கும் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் நானும் படித்து வைத்திருந்தேன். அவை பிடிபட்டது ஒரு குளக்கரையில்தான். வெண்கொக்கு ஒன்று படம் முழுக்க நிறைந்து நின்றபோது, கேமரா அதைச் சாம்பல் நிறத்தில் காட்டியது. "எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்க" என்றார் பயிற்றுநர்; அதாவது, படத்துக்கான வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கச் சொன்னார். அதே கொக்கு எதிர்க்கரைக்குப் பறந்து, இருண்ட புதருக்கு முன்னால் சின்னதாகத் தெரிந்ததும், "இப்போ குறைங்க, இல்லேன்னா இறகோட கோடே தெரியாது" என்றார். கண்ணெதிரே இருப்பது வெள்ளையோ கறுப்போ, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கவே கேமரா பார்க்கும் என்பது அந்த இரண்டு படங்களில் விளங்கிவிட்டது.

அப்புறம் தட்டான். துரத்த வேண்டாம், அது எழுந்துபோன குச்சியிலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள் என்றார். சில வகைத் தட்டான்கள் இரை பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வருமாம். வந்தது! பூச்சியின் பழக்கம் தெரிந்தால் பாதிப் படம் எடுத்தாகிவிட்டது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் நடக்க, பயிற்றுநர் ஒவ்வொருவர் தோளருகேயும் வந்து நிற்க முடிய வேண்டும். பெருங்கூட்டத்தைச் சேர்த்தால் அது முடியாது. விடிவதற்கு முன்பே களத்தில் இருக்கட்டும். எடுத்த படங்களை அலசுவதற்கு நண்பகல் இருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூடு கட்டியிருக்கும் பறவையிடம் மாணவர்களை அழைத்துப்போகவே கூடாது. படத்துக்காக மறைப்பு இலைகளை ஒதுக்கினால் குஞ்சுகள் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் படும். தாய்ப்பறவை கூட்டுக்கு வரத் தயங்கும். கற்க வந்தவர்கள் அதைப் பார்த்தால் அதையேதான் செய்வார்கள்.

பயிலரங்கு அறிவிப்புகளை நீங்கள் வெளியிடும்போது, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், களத்தில் எத்தனை மணி நேரம், கூட்டருகே போவார்களா என்ற மூன்றையும் நடத்துபவர்களிடம் கேட்டுச் சேர்த்துப் போடுங்கள். சேர நினைப்பவர்கள் அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி