ஆணியே இல்லாத தேவாலயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்யாவின் ஒனேகா ஏரித் தீவான கிஷியில் 1714இல் எழுந்த மரத் தேவாலயம் பற்றிய கட்டுரையில், ‘ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டியது’ என்று வந்திருக்கிறது. சுவருக்கு மட்டுமே அது பொருந்தும். பைன் மரத்தடிகளை மூலைகளில் வெட்டுக் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். 22 குவிமாடங்களைப் போர்த்தியிருக்கும் சுமார் 30,000 ஆஸ்பன் (பாப்லர் வகை மரம்) மரச் செதில்களோ ஆணியில்தான் நிற்கின்றன. இதனால் தச்சர்களின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. 37 மீட்டர் உயரக் கட்டடத்தை மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காத்ததுதான் அவர்களுடைய பெரிய சாதனை.

கட்டடத்தின் அடியில் ஓர் எண்கோணம், நான்கு திசையிலும் அதன் நீட்சிகள், மேலே போகப்போகச் சிறுக்கும் இரண்டு எண்கோணங்கள். ஆஸ்பனைப் பச்சையாக இருக்கும்போதே செதுக்கிவிட வேண்டும், காய்ந்தால் இறுகிவிடும். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அது வெள்ளி நிறத்துக்கு வரும். எவ்வளவு நெருக்கி அடித்தாலும் இத்தனை வளைவுகளுக்கு இடையே தண்ணீர் கசியத்தான் செய்யும். அதற்காகவே குவிமாடங்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாய்கூரை, கசிந்த நீரை வெளியேற்ற. பார்வையாளர்கள் இதைப் பார்ப்பதே இல்லை, கட்டுரையும் தொடவில்லை.

19ஆம் நூற்றாண்டில் சுவர்மீது பலகை அடித்து மூடினார்கள். பழைய தோற்றம் வேண்டுமென்று 1950களில் அதைக் கழற்றியதும் சுவர் மீண்டும் நேரடியாக நனையத் தொடங்கியது. ஈரம் தங்கிய தடி உளுத்தால் மேலுள்ள பாரத்தில் நசுங்கும். ஒரு பக்கம் நசுங்கினால் கட்டடமே சாயும். அதனால் 1980களில் உள்ளே எஃகுச் சட்டம் நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். அதற்கு இடம்விட, திருவோவியங்கள் நிறைந்த பலிபீடத் தடுப்பையே கழற்ற வேண்டியிருந்தது.

பிறகு நடந்த சீரமைப்புக்குத் தனிக் கட்டுரையே போடலாம். சுவரை உயரவாக்கில் ஏழு அடுக்குகளாகப் பிரித்தார்கள். மேல்பகுதியை அந்த எஃகுச் சட்டத்தில் தாங்கி, ஜாக்கியால் தூக்கி நிறுத்திவிட்டு, ஓர் அடுக்கை மட்டும் உருவிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். முழுக்கக் கெட்ட தடிக்குப் பதில் புதுத் தடி. பாதி கெட்டதில் கெட்ட பகுதியை வெட்டி ஒட்டு மரம். சரிசெய்த அடுக்கை அதே இடத்தில் கோத்த பிறகே அடுத்ததைத் தொட்டார்கள். முழுக் கட்டடத்தையும் ஒரேயடியாகப் பிரித்திருந்தால், மூன்று நூற்றாண்டுப் பாரத்தில் நெளிந்து பழகிய தடிகளைப் பழையபடி பொருத்துவது பெரும்பாடு. 2020இல் தேவாலயம் மீண்டும் திறந்தது.

வெளித்தோற்றப் படங்கள் நான்கு போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி